நீளம், அகலம், உயரம், சவரிமுத்து சார்

தட்டையான ஒரு காகிதத்தை மேஜையில் விரித்து, "இதுக்குள்ள நடந்து போ, எங்க இடிக்குதுன்னு சொல்லு" என்று பதினெட்டு வயதுப் பிள்ளைகளைக் கேட்பதுதான் என் தொழில். வெளியாட்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். பிள்ளைகள் சிரிக்க மாட்டார்கள், முழிப்பார்கள். நீங்களும் யாருக்காவது எதையாவது கற்றுக்கொடுத்துச் சோறு தின்கிறவர் என்றால், அந்த முழியை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பெரம்பலூரில், புது பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வருகிற தூரத்தில் எங்கள் கல்லூரி இருக்கிறது. பி.எஸ்சி. இன்டீரியர் டிசைன் முதலாண்டுக்கு 'வடிவமும் வெளியும்' என்று ஒரு பாடம் உண்டு. அதை எடுப்பவள் நான். நான்கு சுவர்களைச் சுவர்களாகப் பார்க்கிற பிள்ளையை, அவற்றுக்கு நடுவில் இருக்கிற காலி இடத்தைப் பார்க்கவைக்க வேண்டும். பாடம் மொத்தமும் இவ்வளவுதான். ஆனால் இதற்கு ஒரு செமஸ்டர் போதாது. பிள்ளைகள் எப்போது பார்த்தாலும் அட்டைப்பெட்டியும் கையுமாக பஸ்ஸிலிருந்து இறங்குவதால், மற்ற ஆசிரியர்கள் இதற்கு அட்டைப்பெட்டி கிளாஸ் என்று பெயர் வைத்துவிட்டார்கள். தெருமுனை மளிகைக் கடைக்காரர் என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்வதில்லை, "காலிப் பெட்டி இருக்கு, எடுத்துக்கறீங்களா?" என்றுதான் கேட்பார். நானும் வெட்கப்படாமல் எடுத்துக்கொள்வேன்.

இதற்கு முன்னால் திருச்சியில் ஒரு கம்பெனியில் வீடுகளுக்கு உள்வேலை செய்துகொண்டிருந்தேன். அங்கே வீட்டுக்காரர்களிடம் பட்ட பாட்டுக்கு, மாணவர்கள் எவ்வளவோ தேவலை என்று நினைத்துத்தான் இங்கே வந்து சேர்ந்தேன். தேவலைதான். மாணவர்களுக்கும் அப்பா அம்மா இருப்பார்கள் என்பதைத்தான் நான் யோசிக்கவில்லை.

திரைச்சீலைப் படிப்பு

ஜோஸ்பின் சேர வந்த அன்றைக்கு அவளுடைய அப்பாவும் கூட வந்திருந்தார். சவரிமுத்து சார். வரதராசன்பேட்டைக்காரர், நடுநிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். அவர் தம்பி வாத்தியார், தம்பி மனைவி டீச்சர். பெண்ணையும் கணக்கில் சேர்த்து, பி.எட். முடிக்கவைத்து, அதே வரிசையில் நிறுத்திவிட வேண்டும் என்பது அவருடைய திட்டம். பெண் சாப்பிடாமல் கிடந்து இந்தப் படிப்பைக் கேட்டிருக்கிறாள். மகள் பட்டினி கிடப்பதைத் தாங்க முடியாமல் மனிதர் கிளம்பி வந்துவிட்டார்.

"வீட்டுக்குத் திரைச்சீலை மாட்டறதுக்கு ஒரு படிப்புங்களா மேடம்?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. பிறகு தன் நிபந்தனையைச் சொன்னார். "முதல் செமஸ்டர் படிக்கட்டும். அதுக்குள்ள இது என்ன படிப்புன்னு எனக்குப் புரியணும். புரியலன்னா டி.சி. வாங்கிட்டுப் போயி அடுத்த வருஷம் கணக்குல சேத்துடுவேன். பாப்பாகிட்டயும் சொல்லிட்டேன்." ஜோஸ்பின் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எனக்கு வேகம் வந்துவிட்டது. மேஜையிலிருந்த பேனா டப்பாவைத் தூக்கிக் காட்டி, வடிவம் என்றால் என்ன, வெளி என்றால் என்ன, ஒரு அறைக்குள் நுழைந்ததும் ஏன் சில நேரம் மூச்சு விரிகிறது, ஏன் சில நேரம் அடைக்கிறது என்று ஒரு முழு வகுப்பையே எடுத்து முடித்தேன். அவர் நல்ல வாத்தியார் என்பதால் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டுவிட்டு அமைதியாகச் சொன்னார்: "நீளம், அகலம், உயரம். இது எங்க எட்டாம் வகுப்புப் புஸ்தகத்துலயே இருக்குங்களே மேடம்."

சப்பாத்தி மாவு

முதல் பயிற்சி சோப்பு. ஆளுக்கு ஒரு குளியல் சோப்பு. அதிலிருந்து வெட்டி எடுக்கலாம், எதையும் ஒட்டக்கூடாது. வெட்ட வெட்ட உள்ளே ஒரு இடம் பிறக்கிறது என்று காட்டுவதற்கான பயிற்சி இது. பிள்ளைகளுக்கு அது காதில் ஏறாது. இலை செதுக்குவார்கள், மீன் செதுக்குவார்கள், பெரும்பாலும் இதயம் செதுக்குவார்கள். நான் பார்த்த சோப்பு இதயங்களை வைத்து ஒரு கடை போடலாம். அந்த வருஷம் அரும்பாவூர்ப் பையன் குமரேசன் ஒரு டிராக்டர் செய்துகொண்டு வந்தான். சக்கரம்கூட இருந்தது. அழகாகத்தான் இருந்தது, ஆனால் நான் கேட்டது அது இல்லை.

ஜோஸ்பின் மேஜைமேல் வைத்த சோப்பைப் பார்த்ததும் எனக்கு எரிச்சல் வந்தது. கடையில் வாங்கியபடியே இருந்தது. மேலே கம்பெனி பெயர்கூட அழியவில்லை. ஒரு பக்கம் சுண்டுவிரல் நுழைகிற மாதிரி ஒரு ஓட்டை, அவ்வளவுதான். "ராத்திரி தூங்கிட்டியா?" என்று கேட்டேன். அவள் டிபன் பாக்ஸைத் திறந்து, காய்ந்துபோன மாவு உருண்டை மாதிரி ஒன்றை எடுத்து வைத்தாள். அவள் தங்கியிருந்தது சிஸ்டர்கள் நடத்துகிற ஹாஸ்டலில். அங்கே சப்பாத்தி மாவு எப்போதும் கெட்டியாகத்தான் இருக்குமாம். சோப்பை நூலால் இரண்டாக அறுத்து, ஹேர்பின்னால் இரண்டு பாதியையும் குடைந்து, அந்தக் குடைவுக்குள் மாவை அடைத்து, காய்ந்ததும் பிரித்து எடுத்துவிட்டு, இரண்டு பாதியையும் பழையபடி சேர்த்து வைத்திருக்கிறாள்.

கையில் வாங்கிப் பார்த்தேன். ஓட்டையிலிருந்து குறுகலாக ஒரு வழி, ஒரு திருப்பம், நாலு படி, அதன்பிறகு திடீரென்று உயர்ந்து நிற்கிற ஒரு பெரிய அறை. எல்லாம் மாவில் இருந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் ஒரு அறையின் காலி இடத்தை எடுத்து யாரும் என் கையில் கொடுத்ததில்லை. யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். "நீங்கதான் மேடம் காலியா இருக்கறதப் பாக்கச் சொன்னீங்க. உள்ள இருந்தா தெரியல, அதான் வெளில எடுத்துட்டேன்" என்றாள்.

வெங்காயத்துக்கு ஒரு வூடு

அடுத்தது, உனக்கு உடம்பால் நன்றாகத் தெரிந்த ஒரு இடத்துக்குச் சின்னதாக ஒரு மாதிரி செய்துகொண்டு வா என்பது. அளக்கக் கூடாது, நினைவிலிருந்து செய்ய வேண்டும். வகுப்பு முழுக்கப் படுக்கையறைகள் வந்தன. எல்லாவற்றிலும் ஒரே மாதிரி கட்டில், ஒரே மாதிரி கண்ணாடி. இந்தப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே வீட்டில்தான் தூங்குகிறார்களோ என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

குமரேசன் மட்டும் நீளமாக, ஒடுக்கமாக, குச்சியும் தென்னங்கீற்றுமாக ஒன்றைக் கொண்டுவந்தான். நாலு கல்மேல் தூக்கி நிறுத்தியிருந்தான். வெங்காயப் பட்டறை. எங்கள் பக்கத்தில் சின்ன வெங்காயம் போடுகிறவர்கள் விலை வருகிறவரைக்கும் கொல்லையிலேயே இப்படிக் கட்டித்தான் பாதுகாத்து வைப்பார்கள். நான் பார்த்துப் பார்த்துப் பழகிய பொருள். ஆனால் அதை ஒரு கட்டடமாக ஒருநாளும் நினைத்ததில்லை. ஏன் இவ்வளவு ஒடுக்கம் என்று கேட்டேன். அவன் பையிலிருந்து ஒரு ஊதுபத்தியை எடுத்துக் கொளுத்தி, ஒரு பக்கத்தில் பிடித்தான். புகை அடியிலும் பக்கத்திலும் நுழைந்து, குச்சிகளுக்கு நடுவில் நெளிந்து, அந்தப் பக்கம் வெளியே வந்தது. "அகலமாக் கட்டினா நடுவுல இருக்கறது அவிஞ்சிடும் மேடம்" என்றான். வகுப்பே எழுந்து வந்து சுற்றி நின்றது. காற்றோட்டம் பற்றி நான் வைத்திருந்த அத்தனை படங்களையும் அன்றைக்கு மூட்டை கட்டி வைத்துவிட்டேன்.

ஊதுபத்தி வாசனைக்கு எங்கள் பிரின்சிபால் எட்டிப் பார்த்தார். பூஜை ஏதோ நடக்கிறது என்று நினைத்திருக்க வேண்டும். மேஜையைப் பார்த்துவிட்டு, "என்னப்பா இது, கோழிக் கூண்டா?" என்றார். குமரேசன் எழுந்து நின்று, ரொம்ப மரியாதையாகச் சொன்னான்: "இல்லீங்க சார், வெங்காயத்துக்கு வூடு. இதுல ஆளு இருக்க முடியாது, காத்துதான் இருக்கும்."

கண்ணைக் கட்டிக்கொண்டு

ஒரு இடத்தைக் கண்ணால் மட்டும் பார்ப்பதில்லை, காதாலும் பார்க்கிறோம் என்று ஒரு வகுப்பு. எல்லோரும் துப்பட்டாவாலும் கைக்குட்டையாலும் கண்ணைக் கட்டிக்கொண்டு, ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி கட்டடம் முழுக்கச் சுற்ற வேண்டும். அங்கங்கே நின்று கை தட்டி, எதிரொலியை வைத்து அறை பெரியதா சிறியதா, கூரை உயரமா தாழ்வா என்று சொல்ல வேண்டும். மாடிப்படிக்குக் கீழே வந்ததும் வரிசையில் முன்னால் நின்ற ஜோஸ்பின், கையைத் தட்டிவிட்டு, "இங்க தலைக்கு மேல சரிஞ்சு இறங்குது" என்று தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குச் சிலிர்த்தது. அந்தச் சமயம் பார்த்து எங்கள் வாட்ச்மேன் டீ வாங்கிக்கொண்டு வந்தார். கண்ணைக் கட்டிக்கொண்டு கை தட்டியபடி போகிற வரிசைக்கு ஒதுங்கி வழிவிட்டவர், என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "எந்தக் கோயிலுக்குங்க மேடம், நேர்த்திக்கடனா?"

டேப்போடு ஒரு பஸ் பயணம்

அரியலூரில் ஒரு கல்யாண மண்டபத்தை அளப்பதற்காகப் பிள்ளைகளை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். வழியில் சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் பஸ் நகராது என்பது உங்களுக்குத் தெரியும். சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாம், பஸ்ஸையே அளங்கள் என்று சொல்லிவிட்டேன். மனிதர்கள் உட்கார்ந்து, நின்று, தொங்கிப் பயன்படுத்துகிற அறை இதைவிட வேறு எங்கே கிடைக்கும்?

பிள்ளைகள் கிளம்பிவிட்டார்கள். சீட்டுக்கும் சீட்டுக்கும் நடுவில் முழங்காலுக்கு எவ்வளவு, கம்பி எவ்வளவு உயரம், குள்ளமானவர்கள் எதைப் பிடிப்பார்கள் என்று குமரேசன் கேட்கக் கேட்க ஜோஸ்பின் அளந்தாள். ஒரு அம்மா தன் கூடையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "நல்லா அளந்துக்க கண்ணு" என்று இடம் கொடுத்தார். கவர்மெண்டிலிருந்து வந்திருக்கிறோம், சீட்டை அகலமாக்கப் போகிறோம் என்று பின்சீட்டில் பேச்சு கிளம்பிவிட்டது. நடுவழியின் அகலத்தை அளக்க ஜோஸ்பின் குனிந்தபோது அடுத்த நிறுத்தம் வந்தது. கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார்: "டேப்ப மடக்கும்மா. கூட்டம் ஏறிடுச்சுன்னா நீ எடுத்த அளவெல்லாம் மாறிடும்."

கணக்கு வாத்தியார் பெண்

இப்படியெல்லாம் எழுதுவதால் ஜோஸ்பினுக்கு எல்லாம் வந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அவளுக்குப் படம் போட வராது. மாதிரி செய்தால் மயிலாக நிற்கும். அதையே காகிதத்தில் வரைபடமாகப் போடச் சொன்னால் ஒரு சுவர் இன்னொரு சுவரைச் சந்திக்காது. கதவு, சுவரே இல்லாத இடத்தில் திறக்கும். அவளுடைய மனசுக்குள் அறை முழுசாக, உயரத்தோடு நிற்கிறது. அதைத் தட்டையாக அமுக்க அவளுக்குத் தெரியவில்லை. மற்ற பிள்ளைகளுக்குத் தட்டையிலிருந்து மேலே எழும்ப வராது, இவளுக்கு மேலேயிருந்து கீழே இறங்க வராது. வகுப்பு முடிந்த பிறகு உட்காரவைத்துப் பார்த்தேன். கொஞ்சம் முன்னேற்றம் இருந்தது, தேர்வுக்குப் போதுமான அளவுக்கு இல்லை. வரைபடத் தேர்வில் குப்புற விழுந்தாள்.

மதிப்பெண் அப்பாக்களின் போனுக்குத் தானாகவே போய்விடுகிற காலம் இது. அன்று சாயந்தரமே சவரிமுத்து சார் கூப்பிட்டார். கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குப் பேசியிருப்பேன். அவர் வருத்தப்பட்டார். "கணக்கு வாத்தியார் பொண்ணு ஸ்கேல் பிடிச்சு ஒரு கோடு போடலன்னா நான் யாருகிட்ட போயிச் சொல்றது? எனக்கும் இன்னைக்கு வரைக்கும் இது என்ன படிப்புன்னு புரியல மேடம். அது லீவுக்கு வந்தா கட்டிலுக்கு அடியில அட்டைப்பெட்டிதான் சேருது." பிறகு, அவருக்கே உரிய மரியாதையோடு, "வர்ற சனிக்கிழமை புது வீட்டுக்கு முதக்கல்லு வெக்கறோம். எங்க சர்ச் சாமியார் வந்து மந்திரிக்கிறாரு. நீங்க அவசியம் வரணும். அப்படியே டி.சி. விஷயத்தையும் நேர்ல பேசி முடிச்சிடுவோம்" என்றார்.

இந்த மாதிரி ஒரு பிள்ளை எனக்குத் திரும்பக் கிடைக்காது என்று சொல்ல வேண்டும்போல இருந்தது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "அவளுக்குக் காகிதத்துலதான் சார் வரல, கையில பிரமாதமா வருது" என்று உளறினேன். அவர் கேட்டார்: "கையில வர்றதுக்கு எந்தப் பரீட்சைல மார்க் போடறாங்க மேடம்?"

கயிறு கட்டிய வீடு

ஜெயங்கொண்டத்தில் பஸ் மாறி, முந்திரிக் காடுகளுக்கு நடுவே போய் வரதராசன்பேட்டையில் இறங்கினேன். வழியெல்லாம் சவரிமுத்து சாரிடம் என்ன பேசுவது என்று மனப்பாடம் செய்துகொண்டே போனேன். ஜோஸ்பின் பஸ் நிறுத்தத்துக்கு வந்து நின்றாள். அழுதிருக்கிறாள் என்று பார்த்ததுமே தெரிந்தது. "திங்கக்கிழமை அப்பா காலேஜுக்கு வராங்களாம் மேடம்" என்று மட்டும் சொன்னாள்.

மனை ஊரின் ஓரத்தில் இருந்தது. பின்னால் பார்த்தால் கண்ணுக்கு எட்டிய வரைக்கும் முந்திரி. கொத்தனார் முளை அடித்து, கயிறு இழுத்துக் கட்டி, சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு வைத்திருந்தார். சாமியார் வந்து கல்லை மந்திரித்து வைத்துவிட்டால் அப்புறம் எதையும் மாற்ற முடியாது. அவர் வருவதற்குள் அங்கே ஒரே கலவரம். கூடம் சின்னதாகத் தெரிகிறதாம்.

வீடு கட்டியவர்கள் எல்லோருக்கும் இந்தப் பயம் தெரிந்திருக்கும். காகிதத்தில் பெரிதாக இருந்த அறை, வெட்டவெளியில் கயிறு கட்டியதும் ஆடு கட்டுகிற இடம் மாதிரி சுருங்கிப்போகும். சுற்றிலும் வானமும் காடும் இருக்க, நடுவில் நாலு கயிற்றைப் பார்த்தால் கண் வேறென்ன சொல்லும்? சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு மூலையில் நின்றுகொண்டு, இதில் எப்படி நாலு பேர் உட்காருவது என்பார்கள். எத்தனையோ வீடுகளில் அந்த நேரத்தில்தான் கயிறு நகரும். கூடம் வளரும், பக்கத்து அறை வாழ்நாள் முழுக்க மூச்சு முட்டும். பெரும்பாலும் அது அடுப்படியாகத்தான் இருக்கும்.

சவரிமுத்து சாருக்குக் கூடம் பதினாறுக்குப் பன்னிரண்டு என்பது தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். டேப்பை வைத்துப் பார்த்தார், சரியாக இருந்தது. மறுபடியும் வைத்துப் பார்த்தார், அப்போதும் சரியாகத்தான் இருந்தது. ஆனால் கண் ஒத்துக்கொள்ளவில்லை. அவருடைய அண்ணன் வேறு பக்கத்தில் நின்று, "எம்மவன் வூட்டுக் கூடத்துல பாதிகூட இல்லையேடா" என்றார். அதைக் கேட்டதும் சார் முடிவெடுத்துவிட்டார். அடுப்படிப் பக்கம் இரண்டடி தள்ளச் சொல்லிக் கொத்தனாருக்குக் கைகாட்டினார். கொத்தனார் சம்மதம் கேட்பதுபோல ஜோஸ்பினின் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அந்தோணியம்மா எல்லோருக்கும் காபி கொடுத்துக்கொண்டிருந்தார். டம்ளரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "நவுத்திக்கச் சொல்லுங்க. நான் ஒருத்திதானே உள்ள நிக்கப் போறேன்."

சேலைச் சுவர்

நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொல்ல வாயைத் திறந்தேன். பக்கத்தில் ஜோஸ்பினைக் காணோம். பழைய வீட்டுக்கு ஓடியவள், அள்ளிக்கொண்டு வர முடிந்த அளவுக்குச் சேலைகளோடு திரும்பி வந்தாள். அம்மாவுடையது, சித்தியுடையது, கையில் கிடைத்ததெல்லாம். சாரத்துக்காக அடுக்கியிருந்த சவுக்குக் கம்புகளைக் காட்டி, "கயிறு ஓரமாவே நட்டுக் குடுங்கண்ணே" என்று கொத்தனாரிடம் கேட்டாள். அவரும் என்ன ஏதென்று கேட்காமல் நட்டுக் கொடுத்தார். பிறகு என்னிடம் வந்து, "மேடம், இந்த முனையப் பிடிச்சுக்கங்க" என்றாள். பிடித்துக்கொண்டேன்.

கயிற்றின் வழியே சுற்றிலும் சேலை ஏறியது. நெஞ்சு உயரத்துக்கு ஒரு சுவர். சவரிமுத்து சார் சேலையைத் தூக்கி, கயிற்றைத் தாண்டிக்கொண்டு உள்ளே போய் நின்றார். சேலைக்கு மேலே கண்ணுக்கு நேராக முந்திரிக் காடு தெரிந்தது. "சின்னதுதான்" என்றார். ஜோஸ்பின் வாதம் செய்யவில்லை. "இன்னும் முடியலப்பா" என்று சொல்லிவிட்டு, அதற்கு மேலே இன்னொரு வரிசை சேலையைக் கட்ட ஆரம்பித்தாள். கண்ணை மறைத்தால்தான் சுவர் சுவராகும் என்று அவளுக்கு நான் சொன்னதாக நினைவில்லை. காடு மறைந்தது. ஜன்னல் வருகிற இடத்தில் மட்டும் சேலையை மடித்து ஊக்குப் போட்டாள். அடுப்படிக்கும் அதே மாதிரி கட்டினாள். கூடத்தில் ஒரு கட்டிலையும் நாலு பிளாஸ்டிக் நாற்காலிகளையும் கொண்டுவந்து போட்டாள். அப்பாவை வெளியே வரச் சொன்னாள். "இப்ப செவுத்தத் தாண்டி வராதீங்கப்பா, வாசல் வழியா வாங்க."

அவர் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தார். சேலைக்கும் சேலைக்கும் நடுவில் விட்டிருந்த இடைவெளி அது. அங்கே நின்று செருப்பைக் கழற்றினார். யாரும் சொல்லவில்லை, கழற்றுகிறோம் என்று அவருக்கே தெரிந்திருக்காது. கழற்றிவிட்டு, வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தார். நடுவில் நின்று ஒரு தரம் சுற்றிப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்து கட்டிலைச் சுற்றி நடந்தார். அடுப்படிக்குப் போகிற இடைவெளியில் எட்டிப் பார்த்தார். அங்கே அந்தோணியம்மா இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி, எது எதுவரைக்கும் எட்டுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். சார் கொஞ்ச நேரம் மனைவியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கொத்தனாரைக் கூப்பிட்டு, கயிறு இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்றார். நான் அந்தப் பிள்ளையைப் பார்த்தேன். ஊக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு, தொய்ந்த ஒரு சேலையை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

சாமியார் வந்தார், கல்லை மந்திரித்தார், கல் வைத்தாயிற்று. சேலையை அவிழ்க்க வேண்டாம் என்று சார் சொல்லிவிட்டதால் மத்தியானச் சாப்பாடும் அந்தக் கூடத்திலேயே நடந்தது. இலை போட்டு வரிசையாக உட்கார்ந்தோம், இடம் தாராளமாகவே இருந்தது. ஜோஸ்பின் ரசம் ஊற்றிக்கொண்டு வந்தாள். அப்போதுதான் அண்ணன்காரர், "என்னடா சவரி, பாப்பாவ இந்தப் படிப்புலருந்து எடுக்கப் போறேன்னியே, எப்ப போற?" என்று கேட்டார். கரண்டி அப்படியே நின்றது. என் வாய்க்குப் போன கையும் நின்றது. சவரிமுத்து சார் இலையிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "யாரு சொன்னா? அது பாட்டுக்குப் படிச்சிக்கிட்டு இருக்குது, இன்னும் ரெண்டரை வருஷம் இருக்குது. ரசம் ஆறிடப் போவுது, சாப்புடுங்கண்ணே."

சொல்லிக்கொடுப்பதற்காக மாதாமாதம் சம்பளம் வாங்குகிறேன், ஆனால் வாயைத் திறக்காமல் சேலை முனையைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான் அந்த வருஷம் நான் எடுத்ததிலேயே நல்ல வகுப்பு என்பதை ஆபீஸில் மட்டும் இன்னும் சொல்லவில்லை.